பை நனையக் கூடாது

கோல்ஃப் மைதானத்தில் இடி இடிக்கும்போது யார் எங்கே போக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. அதே மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குபவர் என் அப்பா. அந்தப் பக்கத்தில் அவர் போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை என்பது, ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்தான் எனக்குத் தெரிந்தது.

வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

நான் படித்தது மின்பொறியியல். காக்கநாட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. மொத்தம் ஏழு பேர். கட்டடங்களுக்கு இடிதாங்கி வைப்பது, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று அளப்பது, மின்னல் வரும் முன் எச்சரிக்கும் கருவியைப் பொருத்துவது, இவைதான் எங்கள் வேலை. கருவியைப் பொருத்தினால் போதாது; அது ஒலித்ததும் மனிதர்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து வேலை என்னிடம் வரும். பட்டியல் போடுவதில் எனக்குச் சலிப்பு வராது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் பல வருடம் மூட்டை தூக்கியவர். மிளகு, சுக்கு, அரிசி. அவர் வேலை பார்த்த கிடங்கு கைமாறிவிட்டது. இப்போது அங்கே காப்பி விற்கிறார்கள், சுவர்களில் ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். அப்பா அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நாங்க இருந்தப்ப ஒரு ஃபேன் கேட்டோம், வைக்கலை. இப்பப் போய்ப் பாரு, எட்டு ஃபேன் ஓடுது."

அதே கிடங்கில் அவரோடு தூக்கிய மலையாளி ஒருவர் முதலில் கோல்ஃப் மைதானத்துக்குப் போனார். அப்பாவைவிட மூத்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சேட்டன். அவர் கூப்பிட்டு அப்பாவும் போனார். கேடி என்று அந்த வேலையைச் சொல்வார்கள். மட்டைகள் உள்ள நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டக்காரரோடு ஒன்பது குழிகளும் நடக்க வேண்டும். கேட்ட மட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்திருக்க வேண்டும். வெயிலென்றாலும் மழையென்றாலும் குடை பிடிக்க வேண்டும். "மிளகு மூட்டைக்குப் பக்கத்துல இது தலையணை" என்பார் அப்பா. தினமும் காலையில் படகில் எர்ணாகுளம், அங்கிருந்து பஸ்.

எங்கள் வீடு பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில், ஓர் அரிசிக் கிடங்கின் மேல்மாடி. இடி இடித்தால் அம்மா ஒரு வரிசையில் பிளக்குகளைப் பிடுங்குவாள். முதலில் டிவி, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு மிக்ஸி, கடைசியில் என் மடிக்கணினி. வாயில் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஓடிக்கொண்டிருக்கும். பட்டியல் போடும் புத்தி எனக்கு அவளிடமிருந்து வந்திருக்கலாம்.

அந்த மைதானத்தின் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தபோது, மறுநாள் காலைச் சாயா குடிக்கும் நேரத்தில் வீட்டில் சொன்னேன்.

"உங்க மைதானத்துக்குத்தாம்ப்பா. நான்தான் வரப்போறேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "நல்லது. அங்க வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே மோளே."

"ஏன்?"

"பை தூக்குறவன் மோள் சொல்றதை எந்த சார் கேப்பான்? நீ மேடமா வா, மேடமா போ."

அம்மா அடுப்படியிலிருந்து, "அப்ப இடி விழுந்தா மேடம் வந்து பாத்துக்குவாங்களா உங்களை?" என்றாள்.

"நான் பாக்காத மழையா? நீ புட்டை எடு."

அலுவலகத்திலும் நான் சொல்லவில்லை. சொல்லும் அவசியம் வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது முழுக்க உண்மையான காரணம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஆய்வுக்கு நான் போன நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. புல் வெட்டும் நாள். அளவெடுக்க வசதி என்று மேலாளரே அந்த நாளைச் சொன்னார். மைதானம் காலியாக இருந்தது. நாள் முழுவதும் நடந்து, இருப்பவற்றைக் குறித்துக்கொண்டேன். கிளப் கட்டடம்: கான்கிரீட், இடிதாங்கி பொருத்தலாம், பாதுகாப்பான இடம். ஐந்தாவது குழி: கட்டடத்திலிருந்து மிகத் தொலைவு, நடைபாதையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதன் அருகே ஒரு தூங்குமூஞ்சி மரம், தனி மரம், ஆபத்து. மரத்துக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கூரை ஒன்று, நான்கு தூண்கள், நான்கு பக்கமும் திறப்பு. அதில் மழைக்கு ஒதுங்கலாம், மின்னலுக்கு ஒதுங்க முடியாது. கூரைக்கு அப்பால், வேலி ஓரத்தில் பம்ப் அறை: கான்கிரீட் கூரை, நல்ல எர்த்திங், கதவு உண்டு, பூட்டியிருந்தது. அதற்கு எதிரே நான் எழுதிய குறிப்பு: "ஆட்கள் நுழைய அனுமதி இல்லை." அப்படித்தான் கதவில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் மைதானத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் முன்பதிவுப் பதிவேட்டைக் கொடுத்தார். அதிகபட்சம் பதினாறு. பேட்டரி வண்டிகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் தவிர ஆறு இருக்கை. பதினெட்டு இருக்கை, பதினாறு பேர். கணக்கு சரியாக வந்தது. கருவி தூரத்து மின்னலையே உணர்ந்து சைரனை ஒலிக்கச் செய்யும். மூன்று வண்டிகளும் உடனே புறப்பட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எட்டு நிமிடத்துக்குள் கட்டடத்துக்குத் திரும்பிவிடும். காலியான மைதானத்தில் வண்டிகளை ஓட்டவிட்டு நேரம் பார்த்தேன். ஆறரை நிமிடம்.

பதிவேட்டில் கேடிகள் இல்லை. அவர்கள் கிளப்பின் ஊழியர்கள் இல்லை. வாசலருகே உள்ள கொட்டகையில் காத்திருப்பார்கள், ஆட்டக்காரர் கூப்பிட்டால் போவார்கள். எனக்கு இது தெரியாததா? தினமும் அப்பா வீட்டுக்கு வந்து சொல்வதுதான். எழுதும்போது மனதில் ஓடியது, கேடி ஆட்டக்காரரோடுதானே இருப்பார், அவர் போகும் இடத்துக்கு இவரும் போவார் என்பது. இருக்கைகளை எண்ணிய நான் பைகளை எண்ணவில்லை.

நான் எழுதிய பக்கத்தில் ஏழு விதிகள். சைரன் ஒலித்தால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மட்டை, குடை, கொடிக்கம்பு எதையும் உயர்த்திப் பிடிக்காதீர்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். திறந்த கூரைகளின் கீழ் நிற்காதீர்கள். வண்டி வரும்வரை ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நில்லுங்கள். கட்டடத்துக்குள், அல்லது கதவு மூடிய இரும்புக் கூரை வாகனத்துக்குள் இருங்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

இவை எல்லாம் சரியான விதிகள். இன்றும் ஒன்றைக்கூட மாற்ற மாட்டேன். ஐந்தாவது குழியின் தகரக் கூரையில் ஒரு பலகையும் மாட்டச் சொன்னேன். "மின்னல் நேரத்தில் ஆட்கள் இங்கே நிற்கக் கூடாது." மலையாளத்திலும் ஆங்கிலத்திலும், சிவப்பு எழுத்தில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கருவியின் பதிவுகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். நிறுவனத்தின் வேனை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பொருள் ஏற்றும் மூடிய வேன். உடலும் கூரையும் இரும்பு. வாசல் கொட்டகையைத் தாண்டும்போது அப்பாவும் சேட்டனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சேட்டன் எழுந்து நின்று, பெரிதாக ஒரு சல்யூட் வைத்தார். அப்பா அவர் முழங்கையை இழுத்து உட்கார வைத்ததைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஐப்பசியில் இங்கே மழை மதியத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து வரும். கொச்சிக்காரர்கள் துலாவர்ஷம் என்பார்கள். ஆடி மழையைப் போல நாள் முழுக்கப் பெய்யாது; காலையெல்லாம் நல்ல வெயில், இரண்டு மணிக்கு மேல் மலைப் பக்கம் கறுக்கும், பிறகு இடியோடு வரும். அன்றும் அப்படித்தான். மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் முன்னால் சைரன் ஒலித்தது. சோதனைக்கு இல்லாமல் அது உண்மையாக ஒலித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மூன்று வண்டிகளும் கிளம்பின. நான் கட்டடத்தின் வராந்தாவில் பட்டியலோடு நின்றேன். அன்று பதிவேட்டில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவராக வண்டியிலிருந்து இறங்க, டிக் போட்டேன். கடைசி டிக் போட்டபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

மேலாளர் கையைத் தட்டாத குறைதான். "பாத்தீங்களா மேடம்! ஏழு நிமிஷம். ஒரு ஆள் பாக்கியில்லை."

உள்ளே சாயா கொண்டுவரச் சொன்னார்கள். நான் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. இருபத்தொன்று எண்ணினேன். ஏழு கிலோமீட்டர். அப்போது ஆறு பேர், ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பை, கட்டடத்தின் பின்பக்கமாக ஓடி வந்தார்கள். ஆறு பேரில் அப்பா இல்லை.

"கேடிகள் எல்லாம் வந்தாச்சா?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"வந்துட்டே இருப்பாங்க. நடந்துதானே வரணும்."

"ஏன் நடந்து வரணும்? வண்டியில ஆறு இருக்கை காலி."

"பை இருக்கே மேடம். பையை ஏத்தினா சார்மார் எங்க உட்காருவாங்க?" என்னை ஒரு சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேர்தான். அஞ்சாவது குழியில இருந்தவங்க. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

அருகில் நின்ற ஆட்டக்காரர் ஒருவரின் கழுத்தில் தூரம் அளக்கும் கருவி தொங்கியது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது; எதைப் பார்க்கிறோமோ அது எத்தனை மீட்டர் என்று காட்டும். அதைக் கேட்டு வாங்கினேன். மழை இன்னும் வலுக்கவில்லை. ஐந்தாவது குழிப் பக்கம் திருப்பியதும் இருவரும் தெரிந்தார்கள். நேர்க்கோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

இருவரும் தகரக் கூரைக்கு வந்துவிட்டிருந்தார்கள். அப்பா பலகையைப் படித்தார். சேட்டனைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். பிறகு இருவரும் செய்ததை நான் முழுவதும் பார்த்தேன். இரண்டு பைகளையும் கூரையின் நடுவில், சாரல் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். அப்பா தோளில் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு பைகளுக்கும் சேர்த்துப் போர்த்தினார். அதன் பிறகு இருவரும் கூரையை விட்டு வெளியே வந்து, மரத்துக்கும் கூரைக்கும் நடுவில், திறந்த புல்வெளியில், ஒரே குடையின் கீழ் நின்றார்கள். ஆட்கள் நிற்கக் கூடாது என்றுதானே எழுதியிருந்தது. பைகள் நிற்கக் கூடாது என்று எழுதவில்லை.

அடுத்த மின்னல். பதினான்கு வினாடி.

அப்பாவிடம் கைபேசி இல்லை. கேடிகள் மைதானத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஆட்டக்காரர் அடிக்கும் நேரத்தில் மணி அடிக்கும் என்பதால் கொட்டகையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரம் இல்லை. பேட்டரி வண்டி பக்கங்கள் திறந்தது, இனி அதில் யாரையும் அனுப்ப முடியாது. ஓடிப்போக முடியாது, அது என் ஏழாவது விதிக்கே எதிரானது, மேலும் இருவரோடு மூன்றாவதாக ஓர் ஆள் அங்கே நிற்பதால் யாருக்கும் பயன் இல்லை. இவற்றை ஒவ்வொன்றாக அடித்த பிறகு மீதி இருந்தது வேன் மட்டும்தான். அது முகப்புக் கூரையின் கீழேயே நின்றது.

நான் கதவைத் திறந்ததும் மேலாளருக்குப் புரிந்துவிட்டது. "மேடம்! புல்லுல ஏத்தக் கூடாது! ஈரத்துல டயர் பதிஞ்சா ஒரு வருஷத்துக்குப் போகாது! மேடம்!"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புல்லில் ஏற்றினேன். நடைபாதை வழியாகப் போனால் ஒரு கிலோமீட்டர். குறுக்கே போனால் அதில் பாதிகூட இல்லை. வண்டி இரண்டு இடத்தில் வழுக்கியது. நடுவழியில் ஒரு மின்னல். ஒன்பது எண்ணுவதற்குள் இடி. வேனின் முகப்பு விளக்கு, துடைப்பான், ஹாரன் என்று எல்லாவற்றையும் போட்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஹாரனை முழு நேரமும் அழுத்தியபடியே போயிருக்கிறேன்.

அவர்கள் அருகில் நிறுத்திப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தேன். "குடையை மடக்குங்க. ஏறுங்க."

அப்பா குடையை மடக்கினார். ஏறவில்லை. "வேண்டாம் மேடம். வண்டி சேறாகும்."

"எடோ, நின்டெ மோளல்லே!" என்று சேட்டன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "மேடமாம்! ஏறடோ!"

"பை?" என்றார் அப்பா.

"பை கிடக்கட்டும். ஏறுங்கப்பா."

"பை இல்லாம எப்படி?"

அவர் கூரையை நோக்கி நடந்துவிட்டார். ஓடக்கூட இல்லை, மூட்டை தூக்குபவர்கள் ஈரத்தரையில் நடப்பது போல, பாதத்தை முழுவதும் ஊன்றி நடந்தார். சேட்டனும் பின்னால் போனார். நான் எண்ண ஆரம்பித்தேன். இம்முறை மின்னலுக்காக இல்லை, அவர்கள் திரும்பி வர எடுக்கும் நேரத்தை. முப்பத்தாறு வினாடி. பைகளை முதலில் உள்ளே வைத்தார்கள். மழைக்கோட்டைப் பைகள் மேலேயே விட்டார்கள். பிறகு தாங்கள் ஏறினார்கள். கதவை மூடினேன்.

"கதவுல சாயாதீங்க. இரும்பு எதையும் தொடாதீங்க. கையை மடியில வச்சுக்கோங்க."

இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சில நிமிடம் கழித்து, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நடுவில் எண்ண எதுவும் இல்லை. சேட்டன் "என்டம்மே" என்றார். எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மரம் அப்படியே நின்றது. அவர்கள் நின்றிருந்த இடத்தில் புல் அப்படியே இருந்தது. எதுவும் நடந்திருக்காமலும் போயிருக்கலாம். நான் அதைப் பற்றி மேலே யோசிப்பதில்லை. அளக்க முடியாத விஷயம் அது.

ஒவ்வொரு இடிக்கும் முப்பது நிமிடக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேனுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் ஆவி படிந்தது. ஈரத் துணியும் பையின் தோலும் சேர்ந்த நெடி.

"ஏன்ப்பா கூரைக்குள்ள நிக்கலை?" என்று கேட்டேன்.

"நீதானே போர்டு வச்சே."

"அதுக்கு வெளியில போய் நிக்கணுமா?"

"வேற எங்க நிக்க? அதுல அதை எழுதலையே."

"சரி, பையைப் போட்டுட்டு கிளப்புக்கு ஓடி வந்திருக்கலாமே."

அப்பா சிரித்தார். சேட்டன்தான் பேசினார். பஜாரில் படகிலிருந்து மூட்டை இறக்கும்போது மழை வந்தால் என்ன நடக்கும் என்று சொன்னார். எல்லோரும் ஓடுவார்கள், ஆனால் மூட்டையோடு ஓடுவார்கள். கிடங்கு வாசலில் கணக்குப்பிள்ளை நிற்பார். ஆள் எவ்வளவு நனைந்தான் என்று பார்க்க மாட்டார். சாக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார். "ஆள் காயும் மோளே. நனைஞ்ச மிளகு காஞ்சாலும் பூசணம் புடிக்கும்."

"இது மிளகு இல்லையே சேட்டா."

"சரக்கு சரக்குதானே."

"பை நனைஞ்சா இவங்க என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றார் அப்பா. "நல்ல சார்மார்தான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவாங்க."

அப்பா எழாமலேயே கையை நீட்டி, கோட்டுக்கு அடியில் பையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. என் குறிப்பேட்டை எடுத்து, ஒரு வரி எழுதினேன்: "கேடி பை போகும் இடத்துக்குத்தான் போவார்." அதன் கீழே கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை அதிகம் இல்லை. டயர் தடங்களைப் படம் எடுத்து மேலாளர் எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பினார். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த இருவரில் ஒருவர் என் அப்பா என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் அம்மா வேறு விதமாகச் சொன்னாள். "ஊர்ல இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் இடிதாங்கி வைக்கிறே. பெத்தவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கத் தெரியலை." அவள் சொன்னது அளவில் சரி. பம்ப் அறை, அவர்கள் நின்ற இடத்திலிருந்து நாற்பது அடியில் இருந்தது.

அடுத்த தடவை மேலாளரைப் பார்க்கப் போனபோது, கேடிகளுக்குப் பம்ப் அறையைத் திறந்துவிட முடியுமா என்று நேராகக் கேட்டேன். முடியாது என்றார். மோட்டார் இருக்கிறது, சுவிட்ச் பலகை இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள், குழுவில் வைத்துப் பேச வேண்டும், அடுத்த கூட்டம் எப்போது என்று தெரியாது. சாவி அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. டயர் தடத்தை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, குறிப்பேட்டில் கோடு போட்ட வரியைத் திரும்பப் படித்தேன். புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு: "மின்னல் நேரத்தில் உறுப்பினர்களின் மட்டைப் பைகளைப் பாதுகாத்தல்." முதல் விதி: சைரன் ஒலித்தால், நான்கு முதல் ஆறாவது குழி வரை உள்ள பைகள் அனைத்தும் நனையாமல் பம்ப் அறையில் வைக்கப்பட வேண்டும். இரண்டு: அதற்காகப் பம்ப் அறையில் சுவரையும் குழாயையும் விட்டுத் தள்ளி, அறையின் நடுவே பை நிறுத்தும் மரச் சட்டம் அமைக்க வேண்டும்; மோட்டாரையும் சுவிட்ச் பலகையையும் கம்பித் தடுப்புக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று: சாவியின் பிரதி ஒன்று எப்போதும் கேடிகளிடம் இருக்க வேண்டும். நான்கு: பையைக் கொண்டுவந்த கேடி, கடைசி இடி முடிந்து முப்பது நிமிடம் ஆகும்வரை, கதவை மூடிக்கொண்டு பையின் அருகிலேயே காவல் இருக்க வேண்டும். பையை விட்டு வெளியே வரக் கூடாது.

மேலாளர் நின்றுகொண்டே படித்தார். "இது நல்ல விஷயம்" என்றார். "போன மாசம்கூட ஒரு சார் பை நனைஞ்சதுக்குக் கம்ப்ளெயின்ட்." அன்றைக்கே தச்சருக்குப் போன் செய்தார். மற்ற குழிகளுக்கும் இதே போல இரண்டு இடங்கள் ஏற்பாடாயின. குழுக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மனிதர்களுக்கான விதியைப் பைகளுக்கான விதியாக எழுதியது எனக்குப் பெருமையாக இல்லை. நான் எழுதியவற்றில் உடனே நிறைவேறியது அது ஒன்றுதான்.

தகரக் கூரையின் பலகையையும் மாற்றினேன். ஆட்கள் நிற்கக் கூடாது என்பதன் கீழே, "பைகளும்" என்று சேர்த்து, பம்ப் அறையை நோக்கி ஓர் அம்புக்குறி.

பத்து நாள் கழித்து மறுபடியும் இடிமழை வந்தது. அப்போது நான் காக்கநாட்டில், ஆறாவது மாடியில் இருந்தேன். சைரன் ஒலிக்கும்போதெல்லாம் என் கைபேசிக்கும் ஒரு செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். மூன்று நாற்பதுக்கு வந்தது. சில நிமிடத்தில் அம்மாவும் கூப்பிட்டாள். இங்கே மட்டாஞ்சேரியிலும் வானம் இருண்டுவிட்டது, டிவி பிளக்கைப் பிடுங்கியாயிற்று, ஃபிரிட்ஜைப் பிடுங்கப்போகிறேன், அவர் எங்கே என்றாள். தெரியாது என்றேன். "அர்ஜுனா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

செய்ய எனக்கு வேலை எதுவும் இல்லை. மேற்குப் பக்க ஜன்னலிலிருந்து பார்த்தேன். அங்கிருந்து மைதானம் தெரியாது. மின்னல் மட்டும் தெரியும். எண்ணிப் பார்த்தேன், ஆனால் அது எனக்கும் மின்னலுக்கும் உள்ள தூரம், அவருக்கும் மின்னலுக்கும் உள்ள தூரம் அல்ல. எண்ணுவதை நிறுத்தினேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அப்பா கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"பை நனையலை" என்றார்.

"நீங்க?"

"பைகிட்டேதான் இருந்தேன். அஞ்சு பேர். கதவைச் சாத்திட்டு. ஒருத்தனையும் வெளிய விடலை." பிறகு, "ஒருத்தன் பீடி பத்த வைக்க வெளிய போறேன்னான். காவல் விட்டுப் போகக் கூடாதுன்னு உட்கார வச்சேன்" என்றார்.

பின்னால் சேட்டனின் குரல் கேட்டது. கைபேசியை அவர் பிடுங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். "மோளே, உள்ளே ஒரே புழுக்கம். ஃபேன் இல்லை. அதையும் பட்டியல்ல எழுது."

குறிப்பேடு மேசையில்தான் இருந்தது. எழுதிக்கொண்டேன்.